அண்ணன் கடைக்கு வாரம் ஒரு வேகன்

1

டேனியல் அண்ணன் என்னோடு பேசாமல் ஆறு வாரம் இருந்தார். நான் ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் முடிந்ததும் அந்த ஆறு வாரத்துக்குள்தான். வருடா வருடம் அந்த நாளில் அவரே கூப்பிட்டு, "இன்னாமா, இன்னும் அங்கயே தான் கீறியா?" என்று கிண்டல் செய்வார். இந்த வருடம் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் மணி அடித்து அடித்து நின்றுபோனது.

சண்டைக்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவர் கடையின் முகப்பு எத்தனை அடி என்று கேட்டேன். அவ்வளவுதான். வேறு எந்த ஊரிலாவது ஒரு தங்கை அண்ணனிடம் இப்படிக் கேட்டிருந்தால் அளந்து சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். ஆனால் எங்கள் ஊர் வாலாஜாபாத். ஒரகடத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அடிக்கணக்கு கேட்பவர்கள் எதற்காகக் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதினோரு வருடத்தில் மறந்து தொலைத்திருக்கிறேன்.

2

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தவளை இரண்டு வருட வேலை என்று சொல்லி இங்கே அனுப்பினார்கள். தெற்கு ஜெர்மனியில், ஒரு கியர்பாக்ஸ் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த சின்ன ஊர். இரண்டு வருடம் எப்படியோ பதினொன்று ஆகிவிட்டது.

இந்த ஊரின் பழைய பள்ளிக்கூடத்துக் கீழ்த்தளத்தில் மாதிரி ரயில் சங்கம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் கட்டிலில் பாதி நீளமுள்ள பலகை ஒன்றில் தண்டவாளம், ஸ்டேஷன், கடை, மரம் எல்லாம் வைத்து ஒரு சிற்றூர் செய்ய வேண்டும். சனிக்கிழமை எல்லாப் பலகைகளையும் ஒன்றோடு ஒன்று கோத்து ரயில் விடுவார்கள். எல்லாமே அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. மனிதர்கள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பார்கள்.

இதில் சேர்ந்தது நான் இல்லை, என் மகள் ஜெனி. பத்து வயதில் அடம்பிடித்துச் சேர்ந்தாள். பதினான்கு வயதில், தண்டவாளம் மட்டும் ஒட்டிய வெறும் பலகையை வீட்டுக் கீழறையில் சாய்த்து வைத்துவிட்டு, "போர் அடிக்குதும்மா" என்றாள். இப்போது அவளுக்கு வேறு தோழிகள், வேறு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் என்று கேட்டால் ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, தமிழில் "அது உனக்குப் புரியாது" என்கிறாள். பலகையைத் திருப்பிக் கொடுக்கப் போன நான், அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு சரக்கு வண்டியைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு இடத்தில் கிளம்பி இன்னொரு இடத்தில் போய்ச் சேருகிற எதையாவது பார்க்க வேண்டும்போல இருந்தது.

பலகையை என் பெயருக்கு மாற்ற இரண்டு பக்கப் படிவம். 'மாற்றத்துக்கான காரணம்' என்ற இடத்தில் 'மகள் வளர்ந்துவிட்டாள்' என்று எழுதினேன். சங்க விதிகளில் அப்படி ஒரு காரணம் இல்லை என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'மகளுக்கு நேரமில்லை' என்று மாற்றி எழுதியதும் ஒரே நாளில் முத்திரை விழுந்தது. முதலில் எழுதியதுதான் உண்மை. அதற்குத்தான் இங்கே கட்டம் இல்லை.

3

சங்கத்தில் சரக்குப் பொறுப்பாளர் வெர்னர். ஓய்வு பெற்றவர், விதி என்றால் உயிர். தன்னை நீ என்றே கூப்பிடச் சொல்லி மூன்று தடவை சொல்லிவிட்டார். அந்த வயதுக்காரரை நீ என்று சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை. ஒரே வாக்கியத்தில் நீங்கள் என்று ஆரம்பித்து நீ என்று முடிப்பேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வார்.

அவர் வைத்திருக்கும் விதி இது: தண்டவாளத்தை ஒட்டி எந்தத் தொழிலை வைத்தாலும் அதற்கு ஒரு சரக்குச் சீட்டு வேண்டும். என்ன வருகிறது, என்ன போகிறது, வாரத்துக்கு எத்தனை வேகன். சீட்டு இல்லாத தொழிலுக்குத் தண்டவாளத்தை ஒட்டி இடமில்லை. என் பலகையில் எங்கள் வாலாஜாபாத் ஸ்டேஷனைச் செய்வதென்று முடிவு செய்திருந்தேன்; அதில் மூன்று தொழில்களுக்கு இடம் இருந்தது.

முதல் இடத்துக்குக் கார் ஏற்றும் யார்டு. அதில் தகராறு இல்லை. எங்கள் ஸ்டேஷனில் புதுக் கார்களை மூடிய வேகன்களில் ஏற்றி வடக்கே அனுப்புவார்கள். இரண்டாவதாக டூவீலர் ஸ்டாண்டு என்று எழுதிக் கொடுத்தேன். ஷிப்டுக்குப் போகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏறுகிற இடம்.

"இதற்கு என்ன சரக்கு வருகிறது?" என்றார் வெர்னர்.

"ஆட்கள்."

"ஆட்கள் சரக்கு இல்லை."

"திருமால்பூர் போகிற காலை வண்டியில் நீங்கள் ஏறிப் பார்த்ததில்லை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. டீக்கடை, பிரியாணிக் கடை, சோபாவுக்கு உறை தைக்கும் கடை, வேலை விண்ணப்பம் அடித்துத் தரும் ஜெராக்ஸ் கடை, தகரக் கூரை போட்ட ஜெபவீடு என்று அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: எந்த வேகன்? ஒன்றுக்கும் இல்லை. எங்கள் ஊரில் தண்டவாளத்தை ஒட்டிப் பிழைக்கிற யாருக்கும் ஒரு வேகன்கூட வந்து நின்றதில்லை. "அப்படியானால் ஏன் அங்கே கடை வைத்திருக்கிறார்கள்?" என்றார். இடம் கிடைத்தது, வைத்தார்கள் என்றேன். அந்தப் பதிலை அவரால் விழுங்க முடியவில்லை. கடைசியில் எப்போதோ மூடிய ஒரு ரைஸ் மில்லை இரண்டாவது இடத்தில் வைத்து, லாரியில் போன அரிசியை வேகனில் போனதாக எழுதி ஒப்பேற்றினேன்.

மூன்றாவது இடம்தான் டேனியல் அண்ணன் கடை. கம்பெனிகளுக்கு இயந்திரம் வரும் மரப்பெட்டிகளையும், அடியில் வைக்கும் பேலட் சட்டங்களையும் எடுத்து, ஆணி பிடுங்கி, பலகையாக்கி விற்கிறார். பெஞ்சு, கட்டில், கோழிக்கூண்டு எது கேட்டாலும் செய்து தருவார். அந்தக் கட்டைகள் வருவது குட்டியானை என்கிற மினி லாரியில்.

"மரம் எந்த நாட்டிலிருந்து?" என்று வெர்னர் கேட்டார்.

"பாதிக்கு மேல் இங்கிருந்துதான். பலகையில் ஜெர்மன் ஊர்ப் பெயர் அடித்திருக்கும். அண்ணன் செய்த பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஸ்டுட்கார்ட் என்று இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு தூரம் போகிற மரம் ரயில் ஏறாமல் போகாது. வாரத்துக்கு ஒரு வேகன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அண்ணனுக்கே தெரியாமல் அண்ணனுக்கு ஒரு வேகன் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

4

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து வந்து அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். பின்னால் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நம்ம கட முகப்பு எத்தினி அடி?"

ரம்பம் நின்றது. "இன்னாத்துக்குமா கேக்குற?"

இங்கேதான் நான் மண்ணைக் கவ்வினேன். நாற்பத்துமூன்று வயதுப் பொம்பளை பொம்மை ரயில் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு பிளான் போடுறேன் என்றேன்.

"இன்னா பிளான்?"

"சும்மா ஒரு பிளாண்ணா. அப்பறமா சொல்றேன். உள்ளாற எத்தினி அடி போவுது? ரயில்வே காம்பவுண்டு சொவுத்துலேந்து நம்ம கட எவ்ளோ தூரம்? நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. பட்டாவுல ஸ்கெட்ச் இருக்கும்ல, அத்தயும் அனுப்பு, கரெக்ட்டா இருக்கும்."

கட்டையைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "முப்பது அடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் முப்பது அடியை எண்பத்தேழால் வகுத்துப் பத்தரை சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு, அட்டை வெட்ட உட்கார்ந்துவிட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் அத்தை நிலத்தில் ஒருவன் டேப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை நடந்தான். அடுத்த தடவை நாங்கள் போனபோது அங்கே குடோன் நின்றது. அந்தப் பக்கத்தில் அளவு கேட்பது பெண் பார்க்க வருவது மாதிரி, சும்மா யாரும் வருவதில்லை. அதுவும் அண்ணன் கடையை ஒட்டிய இடங்களை எல்லாம் ஒரு கண்டெய்னர் கம்பெனி கேட்டுக்கொண்டிருக்கிற நேரம். எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

5

மூன்றாம் நாள் அண்ணி கூப்பிட்டார். மெர்சி அண்ணி மண்ணூர்க்காரர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அன்றைக்கு அவர் குரலே வேறாக இருந்தது.

"ஏம்மா எஸ்தரு, பங்கு வோணும்னா நேரா கேக்க வேண்டியது தான? அளவு கேட்டு, பட்டா கேட்டு, நாலு பக்கம் போட்டோ கேட்டு... அவுரு மூணு நாளா சரியா துன்றது கூட இல்ல."

"அண்ணி, சத்தியமா அது இல்ல. நான் பொம்ம ரயிலு ஒண்ணு செய்யுறேன். அதுல அண்ணன் கடைய வெக்கப் போறேன். அதுக்குத் தான் கேட்டேன்."

"பொம்மைக்கா பட்டா கேட்ட?"

உண்மையைச் சொல்லும்போதே அது பொய்யாக ஒலித்தது. வேறு ஏதாவது நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அடுத்த நாள் முன்பின் தெரியாத தரகர் ஒருவர் வாட்ஸப்பில் வந்தார். "மேடம், வாலாஜாபாத் ஸ்டேஷன் பக்கம் உங்க சைட்டு கை மாறுதாமே? நல்ல பார்ட்டி இருக்குது மேடம்." அவரை பிளாக் செய்துவிட்டேன். இன்னொருவர் வந்தார்.

ஜெனியிடம் சொன்னேன். "ஹாபின்னு சொல்லவேண்டியதுதானே? எல்லாருக்கும் ஹாபி இருக்கு" என்றாள். மரத்தில் ஆணி பிடுங்கிப் பிழைக்கிற அண்ணனிடம் அதைச் சொல்லிப் பார் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். கோபம் அவள்மேல் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணன் சந்தேகப்பட்டதில் அர்த்தமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த இடம் எங்கள் அப்பா வாங்கியது. வாரிசுச் சான்றிதழில் அண்ணன் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்கள், பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நாலு வருடம் முன்பு போயிருந்தபோது அண்ணன் அந்தப் பத்திரத்தைத் தயங்கித் தயங்கி எடுத்து வந்தார். "அடுத்த தபா வரும்போது போடுறேண்ணா" என்றேன். அவர் மடித்து வைத்துக்கொண்டார்.

எனக்கு அந்த இடம் வேண்டாம். விற்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். ஆனால் அங்கே ஒரு காகிதத்தில் என் பெயர் இருக்க வேண்டும். இங்கேயும் அதே கதைதான். குடியுரிமைக்கான விண்ணப்பம் நிரப்பியபடி என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. கையெழுத்து மட்டும் இல்லை. அங்கேயும் முடிக்காமல், இங்கேயும் முடிக்காமல் பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன். இதில் அண்ணனின் தூக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

6

நாலாவது வாரம் அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு வார்த்தை இல்லை.

கடையின் நடுவில் சுண்ணாம்பால் கோடு கிழித்திருந்தார். கட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பக்கமே ஏற்றி, கூரையைத் தொடும்படி அடுக்கியிருந்தார். மறுபக்கத்தில் கூரைத் தகடுகளைக்கூடக் கழற்றிவிட்டார். வெறும் தரை, மரத்தூள், நாலு கம்பம். அந்தப் பாதியின் முன்னால் புதிதாக ஒரு தகரப் போர்டு. எங்கள் ரோட்டில் காலி மனைகளில் எல்லாம் நடுவார்களே, அதே மாதிரி, சிவப்பு எழுத்தில்:

'இந்த இடம் திருமதி எஸ்தர் சாமுவேல் (ஜெர்மனி) அவர்களுக்குச் சொந்தமானது. அத்துமீறி நுழைபவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.'

அத்துமீறி யார் நுழைவது? நாள் முழுக்க அங்கே இருப்பவர் அண்ணன் ஒருவர்தான்.

படத்துக்குக் கீழே பின்னர் ஒரு வரி வந்தது. 'மொகப்பு 30. உனுக்கு 15.'

என் மேஜையில் பத்தரை சென்டிமீட்டர் கடை முடிந்து நின்றது. தீக்குச்சித் தடிமனில் பேலட்டுகள், பெயர்ப்பலகை, ரம்பம் எல்லாம் வைத்திருந்தேன். படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன். அழுகை வரவில்லை. என் கணவர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல போன்ல பேசிப் பிரயோஜனம் இல்ல. பேப்பர்ல பேசு" என்றார்.

7

இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி, ஒரு நாள் விடுப்புப் போட்டு, இரண்டு ரயில் மாறிப் போனோம். என் சார்பில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க அண்ணிக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம். இரண்டு சாட்சிகளாக என் கணவரும் அவருடைய நண்பரும் வந்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "யாரும் வற்புறுத்தவில்லையே?"

"இல்லை."

"முழுச் சம்மதத்தோடுதானே?"

"ஆமாம்" என்றேன். கையெழுத்துப் போட்டேன், பெருவிரல் ரேகையும் வைத்தேன். வெளியே வந்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். லேசாகவில்லை, பயம்தான் வந்தது. இனி அந்த ஊரில் ரேஷன் கார்டிலும் இல்லை, ஓட்டர் லிஸ்டிலும் இல்லை, சொத்துக் காகிதத்திலும் இல்லை. இந்த ஊரிலும் இன்னும் இல்லை. திரும்பும் ரயிலில் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் பெட்டிக்குப் பெட்டி நடந்துகொண்டே இருந்தேன். டிக்கெட் பரிசோதகர் ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

பத்திரத்தை அன்றைக்கே கூரியரில் அனுப்பினேன். சனிக்கிழமை பலகையைச் சங்கத்துக்கு எடுத்துப்போய்க் கோத்தோம். ஜெனி தானாக வந்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் படிகளில் இறங்குகிறாள். வெர்னர் சீட்டைப் பார்த்துவிட்டு, ஒரு பழுப்பு வேகனைப் பின்னுக்குத் தள்ளி, அண்ணன் கடை வாசலில் விட்டார். ஜெனி அதைப் படம் பிடித்தபடியே பேசினாள்: "மாமா, இது உங்க கடை. இந்த ரயில் உங்களுக்குக் கட்டை கொண்டு வர்றான். அம்மா இதுக்குத்தான் அளவு கேட்டாங்க. அம்மா பொய் சொல்லல." ஜெர்மனில் ரயில் ஆண்பால், அவள் தமிழிலும் அப்படியே. எனக்குச் சொல்லாமல் அவளே மாமாவுக்கு அனுப்பிவிட்டாள்.

8

நேற்று ஞாயிறு மதியம் போன் அடித்தது. அண்ணன்.

"இன்னாமா இது, கூட்ஸ் வண்டி நேரா என் கட வாசலாண்ட வந்து நிக்குது? ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அந்த பேப்பரு வந்துச்சி."

"ரெஜிஸ்டர் பண்ணிடுண்ணா."

"பங்கு கேக்கப் போறன்னு தான் பயந்துகினு இருந்தேன். கேட்டிருந்தா சண்ட போட்டுகினு இருந்திருப்பேன். சண்டைக்காவது நீ வந்திருப்ப. இப்ப மொத்தமா எழுதிக் குடுத்துட்ட. இனிமே இங்க இன்னாத்துக்கு வருவ, சொல்லு?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே பேசினார். பத்திரத்தைப் பீரோவில் வைத்திருக்கிறாராம், பதியவில்லையாம். கூரைத் தகட்டை மழைக்குப் பயந்து திரும்ப மாட்டிவிட்டாராம். போர்டை மட்டும் எடுக்கவில்லை.

"கண்டெய்னர்காரனுங்க வந்து அத்தப் படிக்கிறானுங்க. ஓனரு ஜெர்மனியில கீறாங்களான்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்றானுங்க. அது அங்கயே இருந்துட்டுப் போவட்டும்."

"சரிண்ணா."

"பொம்மையில என் கடைக்கு வாரம் ஒரு வண்டி வருதுன்ற. நீ எப்ப வருவ?"

"கிறிஸ்மஸுக்கு."

"போன வருசமும் இதத் தான் சொன்ன." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வரும்போது டேப்பு ஒண்ணு எடுத்துக்கினு வா. கட முப்பது அடி இல்லமா, முப்பத்தோரு அடி. நீ கேட்டப்ப ஒரு அடி கொறச்சி சொல்ட்டேன்."

ஒரு அடி என்றால் எங்கள் அளவில் மூன்றரை மில்லிமீட்டர். பலகையில் ஒட்டிய கடையைப் பெயர்த்து, சுவரைப் பிரித்து, மறுபடி ஒட்ட வேண்டும். இன்று காலை அலுவலகத்தில் டிசம்பருக்கு மூன்று வார விடுப்புக்குப் படிவம் கொடுத்துவிட்டேன். அதில் காரணம் கேட்கும் கட்டமே இல்லை. கடையில் இன்னும் கை வைக்கவில்லை. நேரில் போய் அளந்துவிட்டு வந்து பிரித்துக்கொள்கிறேன்.